அத்தை ஊற்றிய பால்

நாச்சம்மாள் அத்தை வந்து சில நாள் தங்கப்போகிறாள் என்று பூபதிராஜா சொன்னபோது வனிதா கட்டுத்தரையில் சாணி வழித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த கூடையை அப்படியே கீழே வைத்தாள்.

"யாரைக் கேட்டுட்டு வரச் சொன்னீங்க?"

"கௌசிக் போன் பண்ணுனான். அவங்கம்மாவுக்குப் பாலக்காட்டுல கண்ணு ஆபரேஷனாம். மறையூர்ல இருந்து செக்கப்புக்கு மறுக்கா மறுக்கா மலையிறங்கி வர முடியுமா? அவனுக்கும் பெங்களூர்ல லீவு இல்ல. மீனாட்சிபுரம்னா பக்கமாச்சேங்கண்ணான்னு கேட்டான். உன்ற சொந்த அத்தைய வேண்டாம்னு நான் எப்படிச் சொல்றது?"

"நான் சொல்லியிருப்பேனுங்க."

அவள் குரலைக் கேட்டு பூபதி தீவனத் தொட்டியிலிருந்து நிமிர்ந்தான். வனிதா எதற்கும் சட்டென்று முகம் கறுக்கிறவள் இல்லை. இப்போது வலது கையால் இடது தோளைப் பொத்திக்கொண்டு நின்றாள். அந்தத் தோளிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் சுருங்கி வெளிறிப்போயிருக்கும். கல்யாணமான புதிதில் அவன் கேட்டதற்கு, சின்ன வயசில் பால் கொட்டிவிட்டது என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

"அது கொட்டலீங்க. அத்தைதான் ஊத்துச்சு. வேணும்னே ஊத்துச்சு."

பூபதி தொட்டியை விட்டு அவள் பக்கம் வந்தான். "அப்ப உனக்கு என்ன வயசு?"

"மூணு."

"மூணு வயசுல நடந்தது ஞாபகம் இருக்குதா? நேத்து மோட்டார் ரூம் சாவிய எங்க வெச்சேன்னு எனக்குத் தெரீல."

"மறக்கற மாதிரியா நடந்துச்சு?" என்றாள் வனிதா.

அவளுக்கு அது கண்ணை மூடினால் போதும், வந்துவிடும். கொழிஞ்சாம்பாறையில் பிறந்த வீட்டுச் சமையலறை. மேடைமேல் கேஸ் அடுப்பு. அதில் பால் பொங்கிக்கொண்டிருக்கிறது. பச்சைத் தாவணி கட்டிய அத்தை முதுகைக் காட்டி நிற்கிறாள். வனிதா தாவணி முனையைப் பிடித்து இழுக்கிறாள். அத்தை திரும்புகிறாள். குனிந்து பார்க்கிறாள். பிறகு கரித்துணியோடு பாத்திரத்தைத் தூக்கி, அவசரமே இல்லாமல் சாய்க்கிறாள். அந்த முகம்தான் வனிதாவால் தாங்க முடியாதது. அதில் கோபம்கூட இல்லை.

அம்மா மயிலாத்தாளுக்கும் அத்தைக்கும் நடுவில் ஏதோ வாய்ச்சண்டையாம். அந்த ஆத்திரத்தைக் குழந்தைமேல் தீர்த்துக்கொண்டாள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு அத்தை பிறந்த வீட்டுப் படி ஏறியதில்லை. அப்பா இருந்தவரைக்கும் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வனிதாவின் கல்யாணத்துக்குக் கூட அத்தை மண்டபத்தின் ஓரத்தில் நின்று அட்சதை போட்டுவிட்டு, சாப்பிடாமல் கிளம்பிப் போனாள்.

"இப்ப வேண்டாம்னு சொன்னா அசிங்கமாயிரும்" என்றான் பூபதி. "நாம பாத்துக்கலாம்."

"பாத்துக்கத்தான் போறேன்" என்றாள் அவள்.

ஆபரேஷன் முடிந்து அத்தையை அழைத்துவரப் பாலக்காட்டுக்கு இரண்டு பேரும்தான் போனார்கள். அத்தை இளைத்துச் சின்னதாகிப்போயிருந்தாள். கறுப்புக் கண்ணாடிக்குள் கண்ணே தெரியவில்லை. எங்கே பார்க்கிறாள் என்று கண்டுபிடிக்க முடியாதது வனிதாவுக்குப் பிடிக்கவில்லை. ஜின்சி என்கிற நர்ஸ் மருந்துப் பையைக் கொடுத்து, மலையாளமும் தமிழும் கலந்து என்னென்னவோ விளக்கினாள். வனிதா அத்தையின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நரம்போடிய, நீளமான விரல்கள். மடியில் சும்மா கிடந்தன.

காரில் ஏறும்போது அத்தை கேட்டாள்: "கை இப்பவும் வலிக்குதா கண்ணு? குளுருக்கு?"

வனிதா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். செய்தவளுக்குத்தானே இந்தக் கேள்வி வரும்?

அன்றிலிருந்து அவளுக்கு வேலை இரட்டிப்பானது. மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாலும் மூன்று வயது மௌனிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அத்தைக்கு முன்னறையில் கட்டில் போட்டுவிட்டு, குழந்தையின் விளையாட்டுச் சாமான்களைப் பின்னறைக்கு மாற்றினாள். ஆனால் குழந்தைக்கு இதெல்லாம் புரியுமா? கறுப்புக் கண்ணாடி போட்ட மனுசியை அது முன்னே பின்னே பார்த்ததில்லை. 'கண்ணாடி அம்முச்சி' என்று பாட்டி முறையில் பேர் வைத்து, கண் தப்பினால் கட்டிலுக்கு ஓடியது. அத்தையும் அதை மடியில் ஏற்றிக்கொண்டு ஏதோ முணுமுணுவென்று சொல்லுவாள். வனிதா வாசலில் வந்து நின்றதும் பேச்சு நின்றுவிடும்.

"என்ன சொல்லிட்டிருந்தீங்க?"

"ஒண்ணுமில்ல கண்ணு. கரும்புக் காட்டுல யானை வந்த கதை."

வனிதா இன்னொன்றையும் கவனித்தாள். அத்தை சமையலறைப் பக்கமே வருவதில்லை. அடுப்பு எரிகிறது என்று தெரிந்தால் நடையிலேயே நின்றுவிடுவாள். காப்பி வேண்டுமென்றாலும் அங்கிருந்துதான் குரல். ஒரு காலை பால் பொங்குகிற நேரத்தில் வனிதா வேண்டுமென்றே கூப்பிட்டாள்: "அத்தே, இங்க வாங்க, இந்தப் பாத்திரத்தைக் கொஞ்சம் எறக்குங்க."

அத்தை இரண்டடி வைத்துவிட்டு நின்றாள். "நான் வரலே அம்மிணி" என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டாள்.

வனிதா அதைப் பூபதியிடம் வெற்றி பெற்றவளைப் போலச் சொன்னாள். "பாத்தீங்களா? பால் பாத்திரத்தக் கண்டா பயம். மனசாட்சி குத்துது."

"அடுப்புகிட்டப் போகக் கூடாதுன்னு நர்ஸ் சொல்லிச்சே. பொகையும் அனலும் படக் கூடாது, கண்ணு பழுத்துருமின்னு."

"எப்பச் சொன்னா?"

"மருந்து குடுக்கறப்ப. உன்றகிட்டத்தான் சொல்லிச்சு. நீகூட சரிங்க சரிங்கன்னு தலையாட்டுனயே."

வனிதா யோசித்துப் பார்த்தாள். ஜின்சியின் முகம் ஞாபகம் வந்தது. அத்தையின் விரல்கள் ஞாபகம் வந்தன. அடுப்பு என்ற பேச்சே வரவில்லை. பூபதி அத்தைக்குப் பரிந்துகொண்டு பேசுகிறான் என்றுதான் அவளுக்குப் பட்டது. ஆனால் மருந்துப் பையில் இருந்த சீட்டை எடுத்துப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

அந்த வாரத்திலேயே அது நடந்தது. அங்கன்வாடிக்கு லீவு. பூபதி வாய்க்கால் பக்கம் போயிருந்தான். சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகும் நேரத்தில் மௌனிகா தூங்கிக்கொண்டிருந்ததால், வனிதா பின்னறைக் கதவை வெளியே தாழ் போட்டுவிட்டு வண்டியில் போனாள். திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது. குழந்தை இல்லை. கட்டிலில் அத்தையும் இல்லை.

மௌனிகாவைக் கூப்பிட்டுக்கொண்டே வீட்டைச் சுற்றி ஓடினாள். கட்டுத்தரைக்குப் பின்னால், புல் வெட்டும் மெஷின் பக்கத்தில் அத்தை தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மௌனிகா. முழங்கால் சிராய்த்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அத்தையின் கை குழந்தையின் காலை இறுக்கிப் பிடித்திருந்தது.

வனிதா பாய்ந்து போய்க் குழந்தையைப் பிடுங்கினாள்.

"என்னாச்சு சாமி? யாரு தள்ளுனா? அம்முச்சி தள்ளுச்சா?"

மௌனிகா அழுதுகொண்டே ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"அம்முச்சிதான் தள்ளுச்சா?"

மறுபடியும் ஆட்டினாள்.

அவ்வளவுதான். முப்பது வருசமாக அடக்கி வைத்ததெல்லாம் வெடித்தது. "உங்களுக்கு என்னைய வேக வெச்சது பத்தலையா? என்ற புள்ளையும் வேணுமா? எங்கம்மா மேல இருக்கற கோவத்துல கொதிக்கற பாலை என்ற மேல ஊத்துனீங்க. தெரியாதுன்னு நெனச்சீங்களா? எனக்கு ஒவ்வொண்ணும் ஞாபகம் இருக்குது!"

அத்தை எழுந்திருக்கக்கூட மறந்துபோய் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். சிவந்த கண்ணில் நீர் வழிந்தது. அது மருந்தா, அழுகையா என்று தெரியவில்லை.

"நானா? உன்ற மேலயா?" என்றாள். "அதுக்கா அண்ணி என்னைய ஊட்டுக்கே வர வேண்டாம்னாங்க?"

"தெரியாத மாதிரிப் பேசாதீங்க."

"சத்தியமாத் தெரியாது கண்ணு. அப்ப நான் கௌசிக்கைப் பெத்துட்டு நடுரூமுல கெடந்தேன். எந்திரிச்சு நடக்கறதுக்கே ஆளு வேணும். நீ கத்துன கத்துதான் எனக்குக் கேட்டுச்சு. என்னாச்சு என்னாச்சுன்னு உள்ளிருந்தே கூப்புட்டேன். யாரும் வரலே. அப்பறம் உன்னைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனாங்க."

"பொய்! பச்சைத் தாவணி கட்டிட்டு அடுப்புகிட்ட நின்னீங்க. நான் பாத்தேன்."

"தாவணியா? புள்ள பெத்தவ தாவணி கட்டுவாளா அம்மிணி?"

வனிதா குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

சத்தம் கேட்டுப் பூபதி மண்வெட்டியோடு ஓடி வந்தான். நடந்ததை இரண்டு வார்த்தையில் கேட்டுக்கொண்டு, குழந்தையின் முன்னால் குந்தினான். முழங்காலைத் துடைத்துவிட்டான். பிறகு சாதாரணமாகக் கேட்டான்: "கண்ணுக்குட்டி தள்ளீருச்சா?"

மௌனிகா விக்கிக்கொண்டே தலையாட்டினாள்.

"காக்கா வந்து தள்ளுச்சா?"

அதற்கும் தலையாட்டினாள்.

"அப்பா தள்ளீட்டனா?"

ஆட்டினாள். அவளுக்குக் கால் எரிந்தது. யாராவது தூக்கினால் போதும் என்றிருந்தது.

பூபதி மனைவியை நிமிர்ந்து பார்த்தான். அத்தைதான் சொன்னாள்: "அழுகுதேன்னு கதவைத் தொறந்துட்டேன். கண்ணுக்குட்டியப் பாக்கணும்னு ஓடி, இந்தக் கல்லுல தடுக்கி உழுந்துருச்சு. எனக்கு ஒரு கண்ணு மங்கலு. எட்டிப் புடிக்க முடியலே."

வனிதா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். முழங்காலில் மஞ்சள் வைத்துக் கட்டினாள். பச்சைத் தாவணி எங்கிருந்து வந்தது? யோசிக்க யோசிக்க ஒரு போட்டோ ஞாபகம் வந்தது. கொழிஞ்சாம்பாறை வீட்டு நடையில் மாட்டியிருந்தது. தேர்த் திருவிழாவில் எடுத்தது. அப்பாவும் அத்தையும் நிற்பார்கள், அத்தை பச்சைத் தாவணியில். வருசக்கணக்காக அதற்குக் கீழேதான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள்.

அது போகட்டும் என்று கேஸ் அடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அடுப்பு பொய் சொல்லாது. ஆனால் அந்த அடுப்பு வீட்டுக்கு வந்த நாளும் அவளுக்குத் தெரியும். சிலிண்டருக்கு மாலை போட்டு அம்மா தேங்காய் உடைத்தாள். பற்றவைக்கப் பயந்து எல்லோரும் எட்டி நின்றார்கள். யூனிபாரம் பாவாடையோடு வனிதாதான் தீக்குச்சி கிழித்தாள். அப்போது அவள் ஆறாவதோ ஏழாவதோ. அதற்கு முன்னால் அந்த வீட்டில் மேடையும் கிடையாது, கேஸும் கிடையாது. தரையில் பதித்த விறகு அடுப்புத்தான்.

இரண்டையும் அவள் இத்தனை காலமாக மனதில் வைத்திருந்தாள். ஒருநாள்கூடப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

மேடை உயரத்தில் இருக்கும் பாத்திரத்தை மூன்று வயதுக் குழந்தையால் தொட முடியாது. யாராவது ஊற்றினால்தான் உண்டு. தரையில் இருக்கும் அடுப்பு அப்படியல்ல.

மறுநாள் காலை மாட்டு வேலையை முடித்துவிட்டு வனிதா கொழிஞ்சாம்பாறைக்குக் கிளம்பினாள். அம்மா தம்பியோடு அங்கேயேதான் இருந்தாள். மயிலாத்தாள் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவ இன்னும் போகலையா?" என்பதுதான் முதல் கேள்வி.

"அம்மா, அத்தை என்ற மேல பால் ஊத்துனதை நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"நான் எங்க பாத்தேன்? நான் கொல்லைல பால் கறந்துட்டிருந்தேன். நீதான சொன்ன?"

"நானா? நீங்க சொல்லித்தான எனக்குத் தெரியும்!"

"என்ற வாயில ஏன்டி போடற? கத்தறியேன்னு ஓடி வந்தேன். தோளெல்லாம் வெந்துபோயிக் கெடந்த. யாரு சாமி பண்ணுனா, அத்தையான்னு கேட்டேன். ஆமான்னு தலையாட்டுன. ஆஸ்பத்திரியிலயும் கேட்டேன், ஆட்டுன. மருந்து போடறப்பெல்லாம் கேப்பேன். அத்தை என்ன பண்ணுச்சும்பேன். ஊத்துச்சும்பே. கையக்கூட இப்படிச் சாச்சுக் காட்டுவ."

மயிலாத்தாள் வெறும் கையைச் சாய்த்துக் காட்டினாள். அவசரமே இல்லாமல் சாய்ந்தது அந்தக் கை. வனிதா தினமும் பார்த்த அசைவு அதுதான்.

"அத்தையான்னு ஏம்மா கேட்டீங்க? வேற யார் பேரும் உங்களுக்கு வரலையா?"

"அவளால வந்ததுதான அத்தனையும்! அவளுக்குப் பூண்டுப்பால் காய்ச்சத்தான் அடுப்புல வெச்சேன். உங்கப்பனைப் பெத்த ஆத்தாளும் அப்ப இல்ல. மாட்டைப் பாப்பனா, புள்ளையப் பாப்பனா, புள்ள பெத்தவளப் பாப்பனா? அவ வந்திருக்காட்டி அந்தப் பால் ஏது? எல்லார்த்துகிட்டயும் சொன்னேன், அவளாலதான் ஆச்சு, அவளாலதான் ஆச்சுன்னு…"

அவள் நின்றாள். தான் சொன்னதைத் தானே திரும்பக் கேட்பவளைப் போல இருந்தாள்.

"அப்ப அடுப்புகிட்ட யாரு இருந்தாம்மா?"

"யாராச்சும் இருந்திருப்பாங்க."

"யாரு?"

"தெரீலடி. பாலை எறக்கி வெச்சுட்டுத்தான் போனேன்." மிளகாயைக் கையால் பரப்பினாள். "எறக்கி வெச்சிருப்பேன். எப்பவும் எறக்கி வெப்பேனே." பிறகு திடீரென்று சீறினாள். "இப்ப என்ன, நான்தான் உன்னையக் கொளுத்துனேன்னு எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாளா அவ?"

"யாரும் சொல்லலீங்கம்மா."

வனிதாவுக்கு அம்மாவின் மேலும் சந்தேகம் வந்தது. எல்லாம் தெரிந்துகொண்டே மறைத்தாளா? மிளகாய்மேல் அலைந்த அந்தக் கைகளையும், பிடி கிடைக்காமல் தடுமாறும் கண்களையும் பார்த்தாள். மறைக்கிறவளின் முகமாகத் தெரியவில்லை. தேடிக் கிடைக்காதவளின் முகமாகத் தெரிந்தது. அதற்கும் மேல் கேட்க வனிதாவுக்கு மனம் வரவில்லை.

வண்டியைக் கிளப்பும்போது மயிலாத்தாள் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"அவளுக்குக் கண்ணு தெரியுதா?"

"ஒரு கண்ணு தெரியுதுங்கம்மா."

மயிலாத்தாள் தலையை ஆட்டிக்கொண்டு மிளகாயைக் கிளறப் போனாள்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை துணிப்பையை மடித்துத் தயாராக வைத்திருந்தாள். கௌசிக்கிடம் சொல்லியாயிற்று, உடுமலை பஸ்ஸில் ஏற்றிவிட்டால் போதும் என்றாள்.

"செக்கப் முடியாம எங்கயும் போக வேண்டாமுங்கத்தே" என்றாள் வனிதா. மன்னிப்புக் கேட்கத்தான் வழியெல்லாம் சொற்களைக் கோத்துக்கொண்டு வந்தாள். அதைச் சொல்லாமல் பையிலிருந்த சேலைகளை எடுத்துக் கொடியில் போட்டாள். "அம்மா உங்க கண்ணப் பத்திக் கேட்டாங்க."

அத்தை கட்டிலில் உட்கார்ந்தாள். "அண்ணியா கேட்டாங்க?" என்றாள். சற்று நேரம் கழித்து அதையே மறுபடியும் கேட்டாள்.

தெரிந்துகொண்டதால் மட்டும் அந்தக் காட்சி அழிந்துவிடவில்லை. அடுத்த நாள் அதிகாலையில் பால் காய்ச்சும்போது அது முன்போலவே வந்து நின்றது. தாவணி போட்டோவிலிருந்து வந்தது, அடுப்பு பிறகு வாங்கியது, சாய்கிற கை அம்மாவுடையது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டாள். சொல்லி முடித்த பிறகும் அத்தை திரும்பினாள், குனிந்தாள், சாய்த்தாள்.

அன்று அவள் பின்னறைக் கதவைத் தாழ் போடாமல் சொசைட்டிக்குப் போனாள். மௌனிகா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். "அம்முச்சியோட இரு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். பாதி வழியில் திரும்பிவிடலாமா என்று ஓரங்கட்டி நின்றாள். பின்னால் வந்த பால்காரர்கள் தாண்டிப் போனார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு போய்ப் பாலை ஊற்றினாள். யாரோடும் நின்று பேசாமல், வரும்போது மேடுபள்ளம் பார்க்காமல் ஓட்டினாள்.

மௌனிகா வாசலில் மண்ணைக் குவித்து வீடு கட்டிக்கொண்டிருந்தாள். அத்தை அவளுக்குப் பக்கத்தில் இல்லை. தள்ளி, வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, பாதையிலிருந்து பார்த்தால் முழுசாகத் தெரியும்படி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் மடிமேல்.

"வெரசா வந்துட்டயே" என்றாள். "பாரு, நான் கிட்டத்துலயே போகலே."

வனிதா காலி கேனை இறக்கி வைத்துவிட்டுப் போய் அத்தையின் காலடியில் உட்கார்ந்தாள்.

"நீங்க இல்லைன்னு தெரியுதுங்கத்தே. ஆனா அது போக மாட்டேங்குது. கண்ண மூடுனா நீங்கதான் வர்றீங்க."

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"நீ கத்துன சத்தம் எனக்கு இன்னமும் கேக்குது கண்ணு. உள்ளிருந்து உன்னையக் கூப்புட்டேன், எந்திரிக்க முடியலேன்னுதான் எல்லார்த்துகிட்டயும் சொல்லுவேன், அன்னைக்கு உன்றகிட்டயும் சொன்னேன். நேத்துப் படுத்துட்டு நெனச்சேன். நெசமாவே முடியலையா, இல்ல, புள்ள தூங்குதே, அண்ணி பாத்துக்குவாங்கன்னு எந்திரிக்காமப் படுத்துட்டனா? எதுன்னு எனக்குத் தெரியலே."

சொட்டு மருந்து விடும் நேரமாகியிருந்தது. வனிதா உள்ளே போய்ப் பையை எடுத்தாள். அதிலிருந்த சீட்டை முதல் தடவையாகப் பிரித்து, எத்தனை சொட்டு என்று பார்த்துக்கொண்டு வந்தாள். அத்தை தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டாள்.